பசுமைக் கட்சிக்கு வீட்டு வாடகையில் என்ன வேலை?

"மரம், ஆறு, காற்று என்று பேசினால் போதாதா? பெண்களுக்குப் பாதி இடம், வெளிநாட்டவருக்குக் குடியுரிமை, வீட்டு வாடகை, போர் என்று எல்லாவற்றிலும் ஏன் தலையிடுகிறார்கள்?" ஐரோப்பியப் பசுமைக் கட்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கேட்பவர் மேல் தப்பில்லை. பசுமை என்ற பெயரே அப்படி நினைக்க வைக்கிறது.

இந்தக் கட்சிகளைப் பற்றி மூன்று விதமான கருத்துகள் உலவுகின்றன. தேர்தலில் நிற்கும் சுற்றுச்சூழல் மன்றம் என்பது ஒன்று. தர்பூசணி என்பது இன்னொன்று: வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. அதாவது இடதுசாரிகள்தான் இலை தழை போர்த்திக்கொண்டு வருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. மூன்றாவது, வயிறு நிறைந்தவர்களின் அரசியல் என்பது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டியிருக்கிறது. ஆனால் இவற்றில் எதை வைத்துக்கொண்டும் அந்தக் கட்சிகள் எடுக்கும் முடிவுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

ஜெர்மனியின் பசுமைக் கட்சியை வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன். காரணம், அது வெறுமனே கோரிக்கை வைத்துக்கொண்டிருந்த கட்சி இல்லை. மத்திய ஆட்சியில் இரண்டு முறை பங்கெடுத்திருக்கிறது, சட்டம் போட்டிருக்கிறது, தப்பும் செய்திருக்கிறது. கொள்கை நடைமுறைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே பார்க்கலாம்.

ஜெனரேட்டர் புகை யார் வீட்டுக்குப் போகிறது?

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் ஓடுவதற்கு ஒரு டீசல் ஜெனரேட்டர். அதில் ஏசி ஓடுவது மூன்றாவது மாடியில் இருக்கும் வீட்டு உரிமையாளருக்கு. ஜெனரேட்டர் நிற்பதோ தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் ஜன்னலுக்குப் பக்கத்தில். டீசல் செலவை உரிமையாளர் கொடுத்துவிடுகிறார், கணக்கு நேர்தான். ஆனால் தரைத்தளத்துக் குழந்தைக்கு இளைப்பு வருகிறது. மருந்துக் கடைச் செலவு அந்தக் குடும்பத்தினுடையது. அது டீசல் ரசீதில் எங்கேயும் இல்லை.

பொருளாதாரத்தில் இதைப் புறச்செலவு என்கிறார்கள். ஒரு செயலால் பலன் அடைபவர் கொடுக்காமல், அதில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் தலையில் போய் விழும் செலவு. தொழிற்சாலைக் கழிவு, வண்டிப் புகை, நிலக்கரி எரிப்பதால் சூடேறும் வானம் எல்லாமே புறச்செலவுகள்தாம்.

இங்கே வரைக்கும் யாருக்கும் சண்டை இல்லை. அடுத்த படியில்தான் அரசியல் தொடங்குகிறது. ஜெனரேட்டரை மொட்டை மாடிக்கு மாற்றச் சொல்லித் தரைத்தளத்துக்காரர் கேட்கிறார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் உரிமையாளர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. வாடகைதாரர் பேச்சு எடுபடாது. சரி, சங்கமே மனம் மாறி, ஜெனரேட்டரைத் தூக்கிவிட்டு பேட்டரி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்தால்? புகையைச் சுவாசித்தவரே அதை நிறுத்துவதற்கும் காசு கொடுக்கிறார். சுற்றுச்சூழல் சுத்தமாகிவிட்டது. நியாயம் கிடைத்ததா?

பலன் யாருக்கு, சுமை யாருக்கு, முடிவு யார் கையில். பசுமைக் கட்சியின் எந்த நிலைப்பாட்டை எடுத்தாலும் அடியில் இந்தக் கேள்விகள் இருக்கும். சமூக நீதி என்று தனியாக ஒரு துறை அவர்களிடம் இல்லை. புகையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாலே தரைத்தளத்துக்காரர் உள்ளே வந்துவிடுகிறார்.

திராட்சைத் தோட்டத்தில் தொடங்கிய கதை

இந்தக் கட்சி கல்லூரி மாணவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசி உருவாக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். மாணவர் இயக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேரைத் தேடிப் போனால் திராட்சை விவசாயிகள் நிற்கிறார்கள்.

ஜெர்மனியின் தென்மேற்கில், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ரைன் நதிக்கரையில் வீல் என்றொரு சிற்றூர். 1970களில் அங்கே அணுமின் நிலையம் கட்ட மாநில அரசு முடிவெடுத்தது. சுற்று வட்டாரம் முழுக்கத் திராட்சை பயிராகும் மண். உலையின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் நீராவி வானத்தை மூடினால் வெயில் குறையும், வெயில் குறைந்தால் பழம் இனிக்காது, ஒயின் விலை போகாது. விவசாயிகளின் முதல் பயம் இதுதான். கதிர்வீச்சு பற்றிய அச்சம் அதோடு சேர்ந்துகொண்டது. 1975 பிப்ரவரியில் வேலை தொடங்கியபோது ஊர் மக்கள் நிலத்துக்குள் இறங்கிவிட்டார்கள். முன்வரிசையில் கிராமத்துப் பெண்கள். போலீஸ் அப்புறப்படுத்தியது. சில நாளில் பல்லாயிரம் பேராகத் திரும்பி வந்து மறுபடியும் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள்.

அந்த வட்டார வழக்கிலேயே ஒரு முழக்கம் எழுந்தது: "நை ஹேமர் கசைட்." நம் பேச்சில் சொன்னால், "வேண்டாம்னு சொல்லிட்டோம்ல." அவ்வளவுதான். சித்தாந்தம் ஏதுமில்லை. எங்கள் நிலத்தில் என்ன வர வேண்டும் என்று எங்களைக் கேட்காமல் எப்படி முடிவெடுத்தீர்கள் என்ற கோபம் மட்டும்தான். இந்த உலை இல்லாவிட்டால் பத்தாண்டு முடிவதற்குள் மாநிலத்தில் விளக்குகள் அணையத் தொடங்கும் என்று முதலமைச்சர் ஹன்ஸ் ஃபில்பிங்கர் எச்சரித்தார். உலை கடைசி வரை கட்டப்படவில்லை. விளக்குகளும் அணையவில்லை. அந்த இடத்தில் இன்று காடு இருக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது ஒன்று. வீல் மக்களில் பெரும்பாலோர் பழமைவாதக் கட்சிக்கு வழிவழியாக ஓட்டுப் போட்டவர்கள். இடது, வலது என்ற கோட்டில் எங்கே நிற்கிறோம் என்று அவர்கள் யோசிக்கவில்லை. முடிவு யார் கையில் என்ற கேள்வி அவர்களை வீதிக்குக் கொண்டுவந்தது.

நான்கு தூண்கள், முதல் பிளவு

இதுபோல நாடு முழுக்க நடந்த போராட்டங்களின் ஆட்கள், அமைதி இயக்கத்தினர், பெண்ணுரிமைக் குழுக்கள், இடதுசாரிகள், இயற்கை விவசாயிகள் எல்லோரும் 1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிக் கட்சியைத் தொடங்கினார்கள். நான்கு கொள்கைகளை அடித்தளமாக அறிவித்தார்கள்: சூழலியல், சமூக நீதி, அடித்தள ஜனநாயகம், வன்முறையின்மை. அடித்தள ஜனநாயகம் என்றால், முடிவுகள் மேலே உள்ள தலைவரிடமிருந்து இறங்கி வராமல் கீழே உள்ள உறுப்பினர்களிடமிருந்து எழ வேண்டும் என்பது.

சமூக நீதி அந்தப் பட்டியலில் அழகுக்காகச் சேர்க்கப்பட்டதா? இல்லை. அதற்காக ஒரு பிளவே நடந்தது. நிறுவியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் க்ரூல். பழமைவாதக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, சுற்றுச்சூழலுக்காகவே அதைவிட்டு வெளியேறியவர். இயற்கையைக் காப்பது போதும், சமூகத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டாம் என்ற பக்கம் அவருடையது. புதிய கட்சி சமூகக் கேள்விகளில் இடப்பக்கம் சாயவும், 1981இல் அவர் விலகிப்போய் வேறு கட்சி தொடங்கினார். சூழலியல் மட்டும் போதும் என்ற ஒரு பசுமைக் கட்சி சாத்தியமாகத்தான் இருந்தது. அதை வேண்டாமென்று தெரிந்தே விட்டுவிட்டார்கள். தர்பூசணி என்று கிண்டல் செய்பவர்கள் ஏதோ ரகசியத்தைக் கண்டுபிடித்ததுபோலச் சொல்கிறார்கள். கட்சியின் முதல் அறிக்கையிலேயே அது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது.

இதுவரை பார்த்தது: சூழல் கேடு என்பது செலவை இன்னொருவர் மேல் தள்ளுவது. அந்த இன்னொருவருக்குப் பெரும்பாலும் முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி இல்லை. அதனால்தான் இந்தக் கட்சி பிறக்கும்போதே சூழலையும் சமூக நீதியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டது.

அவையில் சிரித்தார்கள்

1983 மார்ச் தேர்தலில் 5.6 சதவீத வாக்கோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். கோட்டும் டையுமாக நிறைந்திருந்த அவைக்குள் ஸ்வெட்டரும் தாடியும் பூந்தொட்டிகளுமாக வந்து உட்கார்ந்தார்கள். ஹெல்முட் கோல் பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது மற்றவர்கள் வாழ்த்துச் சொல்ல, பசுமைக் கட்சியின் மரியலூயிஸ பெக் அவர் கையில் காய்ந்துபோன ஃபிர் மரக்கிளை ஒன்றைக் கொடுத்தார். அமில மழையால் ஜெர்மனியின் காடுகள் கருகிக்கொண்டிருந்த காலம் அது.

இது எல்லோருக்கும் தெரிந்த படம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதே ஆண்டு மே மாதம் வால்ட்ராவுட் ஷோப்பே என்ற உறுப்பினர் ஆற்றிய உரை. மனைவியை வன்புணர்வு செய்வது குற்றமாக்கப்பட வேண்டும் என்றார். இந்த அவைக்குள்ளேயே பெண்கள் கீழாக நடத்தப்படுவது நிற்க வேண்டும் என்றார். அவையில் ஆண்கள் சிரித்தார்கள், கூச்சலிட்டார்கள். ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில், இதற்குச் சிரிப்பு! அந்தச் சட்டம் நிறைவேற 1997 வரை ஆனது.

1984இல் கட்சி தன் நாடாளுமன்றக் குழுவின் தலைமைக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தது. ஆறு பேரும் பெண்கள். 1986இல் விதியாகவே எழுதிக்கொண்டார்கள்: வேட்பாளர் பட்டியலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடங்கள் பெண்களுக்கு. ஏன் ஒற்றைப்படை? ஜெர்மனியில் கட்சி வாங்கும் ஓட்டுக்கு ஏற்பத்தான் அதற்கு இடம், அந்தக் கட்சியின் பட்டியலில் மேலே இருப்பவர்தான் முதலில் உள்ளே போவார். பாதி இடம் என்று மட்டும் சொல்லிவிட்டால் பெண்களையெல்லாம் பட்டியலின் அடியில் போட்டுவிட முடியும். எந்த வரிசையில் என்று கேட்காத ஒதுக்கீடு ஏட்டுச் சுரைக்காய்தான். அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அடைத்தார்கள்.

தேசிய அரசியலில் எப்படிப் பேரம் நடக்கிறது?

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை, இது தெரியாவிட்டால் மீதிக் கதை புரியாது.

ஜெர்மனியில் வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாவது கட்சிக்கு. கட்சிக்கு விழும் ஓட்டுதான் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதைத் தீர்மானிக்கிறது. 10 சதவீத ஓட்டு வாங்கினால் ஏறக்குறைய 10 சதவீத இடம். ஆனால் பொதுவாக 5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது. இதனால் இரண்டு விளைவுகள். சிறிய கட்சியும் உள்ளே வர முடியும். எந்தக் கட்சியும் தனியாக ஆள்வது அரிது, கூட்டணிதான் வழக்கம். அதாவது பசுமைக் கட்சியின் கொள்கை அறிக்கையில் இருப்பது ஒன்று, கூட்டணி ஒப்பந்தத்தில் எஞ்சுவது வேறொன்று.

5 சதவீதக் கோட்டின் கூர்மையை 1990இல் அனுபவித்தார்கள். பெர்லின் சுவர் விழுந்து, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகி, நாடே அந்த உணர்ச்சியில் மிதந்த நேரம். பசுமைக் கட்சியின் தேர்தல் வாசகம்: "எல்லோரும் ஜெர்மனியைப் பற்றிப் பேசுகிறார்கள். நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசுகிறோம்." புவி வெப்பமாதலைச் சொன்னார்கள். சொன்னது சரி. சொன்ன நேரம்? மேற்கு ஜெர்மனியில் 4.8 சதவீதம், ஓர் இடம்கூட இல்லை. கிழக்கிலிருந்து, சர்வாதிகாரத்தை எதிர்த்து நின்ற குடிமக்கள் உரிமை இயக்கத்தினரும் கிழக்குப் பசுமையாளர்களும் மட்டும் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். 1993இல் அந்த இயக்கத்தின் "கூட்டணி 90" என்ற கட்சியும் பசுமைக் கட்சியும் இணைந்தன. அதன் பெயர் இன்றும் கட்சியின் முழுப்பெயரில் முதலில் வருகிறது.

ஆட்சிக்குப் போகலாமா, வெளியே நின்று எதிர்க்கலாமா என்று கட்சிக்குள் நடந்த சண்டைக்கு முடிவு காட்டியதும் அந்தத் தோல்விதான். ஆட்சிக்குப் போகலாம் என்றவர்கள் வென்றார்கள்.

ஆட்சியில் ஏழு ஆண்டு

1998இல் 6.7 சதவீதம் வாங்கி, கெர்ஹார்ட் ஷ்ரோடரின் சமூக ஜனநாயகக் கட்சியோடு ஆட்சியில் அமர்ந்தார்கள். பசுமைக் கட்சியின் யோஷ்கா ஃபிஷர் வெளியுறவு அமைச்சர்.

முதலில் குடியுரிமை. ஜெர்மனியில் அதுவரை இருந்தது 1913இல் போட்ட சட்டம். அப்பா அல்லது அம்மா ஜெர்மானியராக இருந்தால்தான் பிள்ளை ஜெர்மானியர். அங்கேயே பிறந்து, அந்த மொழியிலேயே கனவு காணும் துருக்கியப் பிள்ளை வெளிநாட்டவர். 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் இதே கதிதான். 2000 ஜனவரி 1 முதல், பெற்றோரில் ஒருவர் எட்டு ஆண்டு சட்டப்படி அங்கே வாழ்ந்திருந்தால் பிறக்கும் பிள்ளை பிறப்பாலேயே குடிமகன் என்று ஆனது. இதில் மரம் எங்கே இருக்கிறது? இல்லை. வரி கட்டுகிறவர், புகையைச் சுவாசிக்கிறவர், சங்கக் கூட்டத்தில் ஓட்டில்லாமல் நிற்கிறார் என்ற பழைய கேள்வி இருக்கிறது.

2001இல் ஒருபால் இணையர் தங்கள் உறவைப் பதிவு செய்துகொள்ளும் சட்டம் வந்தது. அணுமின் நிலையங்களைப் படிப்படியாக மூடும் ஒப்பந்தமும் அந்த ஆட்சியில்தான். நடுவில் பின்வாங்கல், 2011இல் ஃபுகுஷிமா விபத்து என்று பல திருப்பங்களுக்குப் பின் கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15இல் மூடப்பட்டன.

விலை கொடுத்த இடங்களும் உண்டு. வன்முறையின்மையைத் தூணாக வைத்த கட்சி, 1999இல் செர்பியாவுக்கு எதிராக நேட்டோ நடத்திய கொசோவோ போரில் ஜெர்மனி பங்கெடுப்பதை ஆதரித்தது. பீலஃபெல்ட் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் சாயப்பை ஒன்று பறந்து வந்து ஃபிஷரின் காதில் பட்டு, செவிப்பறை கிழிந்தது. போர் வேண்டாம் என்பதும், இன அழிப்பை வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதும் மோதும்போது எதை விடுவது என்ற கேள்வி அது. பலர் கட்சியைவிட்டுப் போனார்கள். வேலையில்லாதோருக்கான உதவியைக் கடுமையாக்கிய ஷ்ரோடரின் சீர்திருத்தங்களுக்கும் துணை நின்றார்கள். சமூக நீதி பேசும் கட்சிக்கு அது ஆறாத வடு.

கூரை இருப்பவருக்கு ஒரு கணக்கு, இல்லாதவருக்கு ஒரு கணக்கு

அந்த ஆட்சியின் பெரிய சாதனை 2000ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சட்டம். யார் வேண்டுமானாலும் கூரையில் சூரியத் தகடு போடலாம், காற்றாலை வைக்கலாம். அந்த மின்சாரத்தை மின்கம்பி வலையை நடத்தும் நிறுவனங்கள் முன்கூட்டியே நிர்ணயித்த விலைக்கு 20 ஆண்டு வாங்கிக்கொள்வது கட்டாயம். வருமானம் உறுதி என்பதால் வங்கி கடன் கொடுக்கும். விவசாயியும் ஆசிரியரும் மின் உற்பத்தியாளர் ஆனார்கள். தேவை பெருகவும் உற்பத்தி பெருகியது, உலகம் முழுக்கச் சூரியத் தகடு மலிவானதில் இந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு.

ஆனால் அந்த உறுதி விலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? எல்லோருடைய மின்கட்டணத்திலும் ஒரு கூடுதல் தொகையாக வசூலித்தார்கள். 2014இல் அது யூனிட்டுக்கு 6.24 சென்ட்டைத் தொட்டது. இப்போது ஜெனரேட்டர் கதையை நினைத்துப் பாருங்கள். கூரை சொந்தமாக உள்ளவர் தகடு போட்டு இருபது ஆண்டு வருமானம் பார்க்கிறார். வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கூரையே இல்லை, ஆனால் மின்கட்டணத்தில் அந்தத் தொகையைக் கட்டுகிறார். அதிகம் மின்சாரம் இழுக்கும் பெருந்தொழிற்சாலைகள் பலவற்றுக்கு விலக்கு. காற்று சுத்தமானது, சுமை மட்டும் கீழ்த்தளத்துக்குப் போனது. பிற்பாடு, பசுமைக் கட்சி மறுபடி ஆட்சியில் இருந்தபோது, 2022 ஜூலையிலிருந்து அந்தத் தொகை பூஜ்யமானது. மின்கட்டணத்துக்குப் பதிலாக அரசு நிதியிலிருந்து கொடுத்தார்கள்.

ஒரு சட்டம் சூழலுக்கு நல்லதாக இருந்துகொண்டே ஏழைக்கு அநியாயமாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கார்பன் விலை: கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

புறச்செலவைத் திரும்ப ரசீதில் ஏற்றும் வழிதான் கார்பன் விலை. பெட்ரோல், டீசல், எரிவாயு எரிந்தால் எவ்வளவு கரியமில வாயு வரும் என்று கணக்கிட்டு, டன்னுக்கு இவ்வளவு என்று எரிபொருள் விலையோடு சேர்த்து வாங்குவது. ஜெர்மனியில் வாகன, வெப்பமூட்டும் எரிபொருள்களுக்கு இது 2021இல் வந்தது. அப்போது மத்தியில் அங்கெலா மெர்க்கெல் அரசு, பசுமைக் கட்சி எதிர்க்கட்சி. அரசு நினைத்திருந்த தொடக்க விலை டன்னுக்கு 10 யூரோ. ஆனால் பல மாநில அரசுகளில் பசுமைக் கட்சி கூட்டணியில் இருந்தது, மாநிலங்களின் அவையில் அதற்குப் பிடி இருந்தது. அங்கே பேரம் பேசி 25 யூரோ ஆக்கினார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 7 சென்ட். எதிர்க்கட்சியாக இருந்தும் தேசியக் கொள்கையை மாற்ற முடிந்த கதை இது.

சரி, விலை ஏறினால் அடி யாருக்கு? அதற்குக் கட்சி சொன்ன பதில் காலநிலைப் பணம். வசூலான தொகையை ஆளுக்குச் சமமாகத் திருப்பிக் கொடுப்பது. கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. ஒருவருக்குப் பெரிய வீடு, இரண்டு கார். அவர் ஆண்டுக்கு 300 யூரோ கார்பன் விலை கட்டுகிறார். இன்னொருவர் சின்ன வீடு, பேருந்துப் பயணம். அவர் 80 யூரோ கட்டுகிறார். மொத்தம் 380. இருவருக்கும் 190 திருப்பிக் கொடுத்தால், பேருந்தில் போகிறவருக்கு 110 யூரோ மிச்சம், கார்க்காரருக்கு 110 யூரோ நஷ்டம். விலை ஏறியதால் புகையைக் குறைக்கும் ஆசை இருவருக்குமே வரும், ஏழை கையில் பணமும் நிற்கும். பொதுவாக வசதி கூடக் கூட எரிப்பதும் கூடும் என்பதால் இந்தக் கணக்கு நாட்டளவிலும் ஏழைக்குச் சாதகமாகவே வேலை செய்யும்.

இப்போது வாடகைக்கு வருகிறோம். ஜெர்மானியர்களில் பாதிக்கு மேல் வாடகை வீட்டில் இருப்பவர்கள். குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்காமல் இருக்க முடியாது. எரிவாயுக் கட்டணம் கட்டுபவர் வாடகைதாரர். ஆனால் எந்தக் கொதிகலன், ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி, சுவருக்குள் என்ன பூச்சு என்று முடிவெடுப்பவர் வீட்டுக்காரர். கார்பன் விலையை வாடகைதாரர் மேல் போட்டால் அவர் என்ன செய்வார்? ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம். கொதிகலனை மாற்ற முடியாது. மாற்றக்கூடிய வீட்டுக்காரருக்கோ ஒரு சென்ட்டும் நஷ்டமில்லை.

2023 ஜனவரியில் வந்த சட்டம் இதைப் பத்துப் படிகளாகப் பிரித்தது. வெப்பம் கொஞ்சமும் தங்காத ஓட்டை வீடு என்றால் கார்பன் செலவில் 95 சதவீதம் வீட்டுக்காரருடையது, 5 சதவீதம் வாடகைதாரருடையது. வீடு நன்றாகக் கட்டப்பட்டிருக்க இருக்க வீட்டுக்காரரின் பங்கு குறையும், மிகச் சிறந்த வீட்டில் முழுவதும் வாடகைதாரருடையது. முடிவெடுப்பவர் தலையில் சுமையை வை, முடிவு மாறும். பசுமைக் கட்சிக்கு வாடகையில் என்ன வேலை என்றால், இதுதான் வேலை.

கொதிகலன் சண்டை

2021 தேர்தலில் பசுமைக் கட்சி ஏறக்குறைய 15 சதவீதம் வாங்கி, சமூக ஜனநாயகக் கட்சியோடும், சந்தைக்குச் சாதகமான தாராளவாதக் கட்சியோடும் ஆட்சி அமைத்தது. பசுமைக் கட்சியின் ரோபெர்ட் ஹாபெக் பொருளாதாரம் மற்றும் காலநிலை அமைச்சர்.

2023இல் அவர் அமைச்சகத்தின் சட்ட வரைவு ஒன்று வெளியே கசிந்தது. இனிப் புதிதாக வைக்கும் வெப்பமூட்டும் கருவி 65 சதவீதமாவது புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்க வேண்டும் என்றது. நோக்கம் சரியானது. ஆனால் அந்த மாற்றத்துக்கு ஆயிரக்கணக்கான யூரோ ஆகும். யாருக்கு எவ்வளவு மானியம் என்பது அப்போது முடிவாகியிருக்கவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதிய தம்பதி, பழைய வீடு, பழைய கொதிகலன். "அது பழுதானால் நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டபோது பதில் தயாராக இல்லை. பதில் இல்லாத அந்த மாதங்களில் பயம் நாடு முழுக்கப் பரவியது. பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின, கூட்டணிக் கட்சியே எதிர்த்தது.

செப்டம்பரில் சட்டம் நிறைவேறியபோது பல இடங்களில் தளர்ந்திருந்தது. மானியம் அதிகபட்சம் 70 சதவீதம் வரை, வரிக்குரிய குடும்ப வருமானம் ஆண்டுக்கு 40,000 யூரோவுக்குள் இருந்தால் தனியாக 30 சதவீதக் கூடுதல் என்று நல்ல ஏற்பாடு வந்தது. ஆனால் முதலில் வந்திருக்க வேண்டியது கடைசியில் வந்தது. சமூகப் பாதுகாப்பை முன்னால் வைத்துவிட்டுக் கட்டாயத்தைப் பின்னால் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம். இவர்களுக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 1998இல் மாக்டபுர்க் மாநாட்டில், பெட்ரோல் லிட்டர் இரண்டு மார்க்கைக்கூட (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் நாணயம்) தொடாத காலத்தில், படிப்படியாக ஐந்து மார்க் ஆக்குவோம் என்று தீர்மானம் போட்டு அடி வாங்கியவர்கள்தான்.

அதே 2023 ஜனவரியில் லூட்செராத் என்ற சிற்றூர் நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்டது. அந்த வட்டாரத்தில் நிலக்கரியை 2030லேயே நிறுத்திவிடலாம் என்ற ஒப்பந்தத்துக்கு ஈடாக, பசுமைக் கட்சி அமைச்சர்கள் அந்த ஊரை விட்டுக்கொடுத்தார்கள். போராடிய இளைஞர்களைப் போலீஸ் தூக்கிச் சென்றது. வீல் நிலத்தில் மக்கள் இறங்கி ஏறக்குறைய 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சுருக்கிச் சொன்னால், இந்தக் கட்சி சறுக்கிய இடங்கள் பலவற்றில் ஒரு பொது அம்சம் உண்டு. சூழல் இலக்கு முன்னால் ஓடியது, சுமையைப் பிரிக்கும் ஏற்பாடு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது.

வராத பணம்

வசதியானவர்களின் கட்சி என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். வாக்காளர்களைப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. நகரத்தில் வாழ்பவர்கள், பட்டம் படித்தவர்களிடம் பலம். தொழிலாளர்களிடமும் கிழக்கு ஜெர்மனியிலும் பலவீனம். கார்த் தொழிலின் மண்ணான பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் 2011இல் இவர்களின் வின்ஃப்ரீட் கிரெட்ச்மன் முதலமைச்சரானார், 2016இலிருந்து பழமைவாதக் கட்சியோடு சேர்ந்தே ஆண்டார். வீல் இருக்கும் அதே மாநிலம். எல்லாப் பசுமைக்காரரும் சிவப்பு இல்லை என்பதற்கு அவர் ஒருவரே சாட்சி.

ஆனால் கொள்கையைப் பார்த்தால், காலநிலைப் பணம் வசதியில்லாதவருக்குத்தான் அதிகம் உதவும். அது 2021 கூட்டணி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தது. கொடுப்பதற்குத் தடையாக நின்ற விஷயங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது: எந்தக் குடிமகனுக்கு எந்த வங்கிக் கணக்கு என்ற பட்டியல் அரசிடம் இல்லை. வரி எண்ணோடு வங்கிக் கணக்கு எண்ணை இணைக்கச் சட்டம் போட்டு, வேலை தொடங்கினார்கள். இன்னொரு பக்கம் கார்பன் வசூல் முழுக்க வேறு காலநிலைத் திட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2023 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் காலநிலை நிதியிலிருந்து 60 பில்லியன் யூரோவைச் செல்லாது என்று நீக்கியது. 2024 நவம்பர் 6இல் கூட்டணி உடைந்தது. 2025 ஜனவரியில் கார்பன் விலை டன்னுக்கு 55 யூரோவாக ஏறியது. காலநிலைப் பணம் யார் கணக்கிலும் ஏறவில்லை.

அடுத்த மாதம் தேர்தல். பசுமைக் கட்சிக்கு 11.6 சதவீதம். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இடதுசாரிக் கட்சி எல்லோரையும் முந்தியது. அந்தக் கட்சி தேர்தல் முழுக்கத் திரும்பத் திரும்பப் பேசியது வீட்டு வாடகையைப் பற்றி.